நேற்றும் சேர்ந்து இறங்கிய கோடு

காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. தேநீர் ஊறும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் பையைக் கரண்டியால் நசுக்குகிற ஆள் நான். கூட்டத்தில் உட்கார்ந்தால் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பேன். மேற்கு ஆஸ்திரேலியாவில், பன்பரி ஊரில், வீட்டிலிருக்கும் ஒரு வாரமும் என் மனைவி, "டெஸ், கொஞ்சம் ஒரு இடத்துல உட்காரேன், எனக்கே மூச்சு வாங்குது" என்பாள். அந்த வரைபடத்தை வேகமாக்கியதும் இந்தக் குணம்தான். அதற்குப் பிறகு நடந்ததற்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு. எங்களுடையது திறந்தவெளித் தங்கக் குழி. குழியின் பாறைச் சுவர் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களின் அறையில் எனக்கு வேலை. ஆனால் நான் பொறியாளர் இல்லை. அவர்களுக்கு வேண்டிய கணினி நிரல்களை எழுதித் தருகிறவன். அந்த வருடம் எல்லாருடைய கண்ணும் கிழக்குச் சுவர்மேல் இருந்தது. இருநூற்று நாற்பது மீட்டர் உயரம், உச்சியில் கை நுழையும் அகலத்துக்கு விரிசல். எதிர்ப்பக்கத்தில் ஒரு வாடகை ரேடார் நின்று அதை ஓயாமல் அளந்துகொண்டிருந்தது. சுவர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதுதான் கணக்கு. ஐந்தைத் தொட்டால் ஆட்களை வெளியே எடுக்க வேண்டும். ரேடாருக்கென்று ஒரு சங்கு உண்டு, ஆனால் தூசிக்கும் லாரிக்கும் அது சும்மா சும்மா ஊளையிட்டதால் நாற்பதில் மட்டும் ஊதும்படி வைத்திருந்தார்கள். நாற்பதில் சங்கு ஊதினால் அப்புறம் அவரவர் கால்தான் துணை.

ஆகவே ஐந்தைக் கவனிப்பது மனிதக் கண்ணின் வேலை. அந்தக் கண் லொரெலுடையது. கட்டுப்பாட்டு அறையில் ரேடியோ முன்னால் பத்து வருடமாக உட்கார்ந்திருப்பவள். முரட்டு லாரிக்காரர்களையெல்லாம் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள், அவர்களும் அந்தக் குரலுக்கு அடங்குவார்கள். அவளுக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய திரை. அதில் நான் எழுதிய நிரல் எட்டு வரைபடங்களை, கிழக்குச் சுவருடையதை எல்லாவற்றுக்கும் பெரிதாக, ஒரே விண்டோவில் ஓட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டியது என்றால், நொண்டியது. ஒவ்வொரு புது அளவு வரும்போதும் அது எட்டு வரைபடங்களையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரையும். கட்டம், எண், எழுத்து, கோடு எல்லாம் புதிதாக. ஒரு கோல் விழுந்ததும் ஸ்கோர்போர்டையே பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது போர்டு நடுவதற்குச் சமம் அது. இதனால் திரை இரண்டு நொடி திணறும், ஒருமுறை இமைக்கும், மறுபடி திணறும்.

"உன் படத்துக்கு இழுப்பு நோய்," என்பாள் லொரெல். "பார்க்கவே பாவமா இருக்கு. ஒரு டாக்டர்கிட்ட காட்டேன்."

"சரியாத்தானே காட்டுது."

"சரியாத்தான் காட்டுது. நான் குறையா சொன்னேன்? இழுக்குதுன்னேன், அவ்வளவுதான்."

அவளுக்கு அது வெறும் கேலி. எனக்கோ அந்த இமைப்பு பல்லில் மாட்டிக்கொண்ட இறைச்சி நார். அறைக்குள் போகும்போதெல்லாம் உறுத்தியது. ஒரு வார இறுதியில் உட்கார்ந்து பிரித்துப் போட்டேன். யோசித்தால் எளிய விஷயம். கட்டங்கள் மாறுவதில்லை. இடது ஓரத்து எண்கள், பூஜ்யத்திலிருந்து ஆறு வரை, மாறுவதில்லை. ஐந்தில் கிழித்திருக்கும் சிவப்புக் கோடு மாறவே மாறாது. அசைவது, நேற்றிலிருந்து இந்த நொடிவரை சுவரின் வேகத்தைக் காட்டும் நீலக் கோடு ஒன்றுதான். அப்படியானால் அசையாததை ஒருமுறை வரைந்து படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, நொடிக்கு நொடி அந்தப் படத்தின்மேல் நீலக் கோட்டை மட்டும் இட்டால் போதும். விண்டோவின் அளவு மாறினால் மட்டும் எல்லாவற்றையும் புதிதாக வரையட்டும் என்று எழுதினேன்.

ஓடவிட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது. திணறல் போய், நீலக் கோடு எண்ணெய் வழிவதுபோல நகர்ந்தது. என் மேசையில் பழைய அளவுகளைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். பழைய மழைக்காலத்தில் சுவர் துள்ளிய நாட்களைக்கூடப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. பார்க்கும்போது என் கை சும்மா இல்லை. மவுஸால் விண்டோவின் ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதுமாக இருந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

எங்கள் தலைமைப் பொறியாளர் க்ளெனிஸ் பெர்த்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஒரு வாரம் பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும், டெஸ். நான் வந்ததும் பார்த்துட்டு மாத்தலாம்," என்றாள்.

"ஒரு வாரமா?"

"ஏழு நாள். எண்ணத் தெரியும்ல உனக்கு?"

எண்ணத் தெரியும், பொறுக்கத் தெரியாது. அவள் திங்கட்கிழமை போனாள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே பழையதை மூடிவிட்டுப் புதியதைப் பெரிய திரையில் ஏற்றினேன். முழுத் திரைக்கும் விரித்து வைத்தேன். லொரெல் நாற்காலியைச் சுழற்றிப் பார்த்தாள்.

"அடேங்கப்பா. இழுப்பு நின்னுடுச்சே. சோதிச்சுட்டியா?"

"ஆயிரம் தடவை," என்றேன்.

அடுத்த மூன்று நாட்கள் நான் அந்த அறைக்குப் போன தடவைகளுக்குக் கணக்கில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். வெடிமருந்துக்காரர்கள் பார்த்தார்கள், சமையல்கூடத்து ஆள்கூட ரொட்டித் தட்டோடு நின்று பார்த்துவிட்டுப் போனான். விரேமுவும் ஒருநாள் வந்தான். நியூசிலாந்துக்காரன், மாவோரி, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. கிழக்குச் சுவரின் அடியில் பெரிய பொக்லைனை ஓட்டுவது அவன்தான். நானூறு டன் இயந்திரம்.

"ப்ரோ, இந்த நீலக் கோடா என் தலைக்கு மேல இருக்கு?" என்றான்.

"இதேதான். சிவப்பைத் தொடாத வரைக்கும் நீ நிம்மதியாத் தோண்டலாம்."

"அழகா இருக்குப்பா. மீன் நீந்துற மாதிரி." என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

வெள்ளிக்கிழமை என் முறை முடிகிற நாள். பன்னிரண்டரைக்கு விமானத் தளத்துக்குப் பஸ். ஒன்பது மணிக்கே பை கட்டிவிட்டேன். அறையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், செருப்பை மாற்றினேன், மறுபடி பூட்ஸைப் போட்டேன். பதினொன்றேகாலுக்கு மேல் தாங்காமல் ஒரு ஐஸ் காபிக் கோப்பையை வாங்கிக்கொண்டு லொரெலின் அறைக்குப் போனேன். கடைசியாக ஒருமுறை என் கோட்டைப் பார்க்கும் ஆசை.

"வாடா மாப்பிள்ளை," என்றாள். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கே, அதுக்குள்ள கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டியா?"

"எப்படி ஓடுது?"

"ரொம்ப சமத்து இன்னிக்கு. பாரேன், எவ்வளவு வழவழன்னு."

பார்த்தேன். நீலக் கோடு மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் சொன்னது சரி, வழவழவென்றுதான் இருந்தது. அதுதான் எனக்கு ஏதோ செய்தது. ரேடாரின் அளவில் எப்போதும் ஒரு சின்ன நடுக்கம் உண்டு. சுவர் அசையாவிட்டாலும் கோடு கொஞ்சம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிலிர்ப்பை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இன்று அதைக் காணோம். நான் செய்த மாற்றத்தில் நடுக்கம் குறைய வழியே இல்லை.

அப்போது ரேடியோவில் விரேமுவின் குரல் வந்தது. "லொரெல் அக்கா, மறுபடி பொடிக்கல்லு உருளுது. கேபின் கூரைல டக் டக்னு விழுது. மேல என்ன சொல்லுது?"

லொரெல் திரையைப் பார்த்தாள். "மூணுதான் கண்ணு. அஞ்சுக்கு ரொம்ப தூரம். நீ பாட்டுக்குப் பண்ணு."

"சரிக்கா."

"மறுபடின்னா?" என்றேன் நான்.

"காலைலேர்ந்து மூணு தடவை கேட்டுட்டான், பாவம். நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டு தடவை கோடு பயம்கூடக் காட்டிச்சு. பத்து மணிக்கு விறுவிறுன்னு சிவப்புக்குப் பக்கத்துல போச்சு. ரேடியோவ கைல எடுத்துட்டேன். அதுக்குள்ள தானா இறங்கிடுச்சு. அப்புறம் ஒரு முக்கால் மணி நேரம் கழிச்சு அதே மாதிரி. போச்சு, இறங்கிடுச்சு."

"எப்படி இறங்கிச்சு? நுனி மட்டும் கீழே திரும்பிச்சா?"

"இல்லையே. முழுசா. கோடு மொத்தமா அப்படியே பாதிக்கு உட்கார்ந்துடுச்சு."

"மொத்தமாவா? நேத்து இருந்ததும் சேர்ந்தா?"

"ஆமா, எல்லாந்தான். ஏன்?"

நேற்றைக்குச் சுவர் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான். அது நேற்றோடு முடிந்த விஷயம். இன்று காலை பத்து மணிக்கு நேற்றைய அளவு குறைய முடியாது. நேற்றும் சேர்ந்து இறங்கினால் குறைந்தது சுவரின் வேகம் இல்லை, மாறியது அளவுகோல். கோடு உச்சியை நெருங்கினால் அளவுகோல் தானாக இரண்டு மடங்கு விரியும்படி நான்தான் முதலிலேயே எழுதியிருந்தேன். ஆறு வரை காட்டிய இடம் பன்னிரண்டு வரை காட்டும், பிறகு இருபத்துநாலு; கோடும் அதன் சிலிர்ப்பும் கால்வாசியாகச் சுருங்கும். பழைய நிரலில் கூடவே எண்களும் மாறும், சிவப்புக் கோடும் கீழே இறங்கும். புதியதில் எண்களையும் சிவப்பையும் அசையாதவை என்று படமாக்கி ஒட்டி வைத்திருந்தேன். என் மேசையில் நான் ஓயாமல் விண்டோவை இழுத்துக்கொண்டிருந்ததால் அந்தப் படம் நிமிடத்துக்கு நாலு முறை புதிதாகிக்கொண்டிருந்தது. இந்த அறையில் மூன்று நாளாக யாரும் அதைத் தொடவில்லை.

லொரெலின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி விண்டோவின் ஓரத்தை இழுத்தேன்.

நீலக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த மூன்று, பன்னிரண்டு ஆனது. சிவப்புக் கோடு சரிந்துபோய்க் கிட்டத்தட்டத் தரையில் கிடந்தது.

லொரெல் சிவப்பு விழுந்த இடத்தைப் பார்த்தாள். ரேடியோவை எடுத்தாள்.

"கிழக்குச் சுவருக்குக் கீழ இருக்கிற எல்லாரும் கேளுங்க. குழியை விட்டு வெளியே. வேலையை அப்படியே போட்டுட்டு வெளியே வாங்க. லாரிங்க முதல்ல. விரேமு, நீ மெஷினை விட்டு இறங்கு."

"இப்பதானக்கா பண்ணச் சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன். இறங்கு கண்ணு."

"மெஷினையும் பின்னால எடுத்துட்டு வந்துடறேன். ரெண்டே நிமிஷம்."

"அது நடக்கிற நடைக்கு நீ பாதிகூட வர மாட்டே. விட்டுட்டு இறங்கு."

"இதை விட்டுட்டு வந்தா ஹாட்லி என் தோலை உரிச்சிடுவான்."

ஹாட்லி அந்த ஷிஃப்டின் மேற்பார்வையாளன். அவன் குரல் குறுக்கே வந்தது. "ஹாட்லிதான் பேசறேன். உரிக்கறதுக்குத் தோலாவது மிஞ்சட்டும். இறங்குடா. நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்."

மணி பதினொன்று இருபத்தாறு. இனி விண்டோவை விட்டுவிட்டு நிரலைத் திருத்த நேரமில்லை. பழைய நிரலைத் திறக்கலாம் என்றால் அது எழுந்து உட்காரவே நாலு நிமிடம் எடுக்கும், அதுவரை நாங்கள் குருடு. ஆகவே மவுஸைப் பிடித்துக்கொண்டு விண்டோவின் ஓரத்தை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக நின்றேன். ஒவ்வொரு இழுப்புக்கும் எண்கள் ஒருமுறை உண்மையாகும். லொரெல் அதைப் படித்துப் படித்து ரேடியோவில் சொன்னாள்.

"பதினாலு. லாரி மூணும் மேல ஏறிடுச்சா? நல்லது. பதினாறு. விரேமு, எங்க இருக்கே?"

ரேடியோ கரகரத்தது.

"பத்தொம்பது. விரேமு."

பொக்லைனிலிருந்து இறங்க ஆறு மீட்டர் ஏணி. உள்ளே இருக்கும்வரை ரேடியோ உண்டு, ஏணியில் கால் வைத்தால் இல்லை. அது எனக்குத் தெரியும், லொரெலுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் மறுபடி கூப்பிட்டாள். என் உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். அவன் சாகக் கூடாது, அவன் சாகக் கூடாது என்று மட்டும் மனதில் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் பாதி அவனுக்காக, பாதி எனக்காக.

"இருபத்தஞ்சு," என்றாள் லொரெல். குரல் ஆடவில்லை.

அப்புறம் ஹாட்லி வந்தான். "ஏத்திட்டேன். ஏணில வழுக்கி விழுந்துட்டான், கணுக்கால் போச்சு. ஆள் இருக்கான். மேல வந்துட்டிருக்கோம்."

பதினொன்று நாற்பத்தொன்றுக்குச் சங்கு ஊதியது. நாற்பத்துநாலுக்குச் சுவர் விழுந்தது. எங்களுக்குச் சத்தமாக எதுவும் கேட்கவில்லை; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, என் ஐஸ் காபியில் வளையம் வளையமாக வந்தது. திரையில் நீலக் கோடு நேராக மேலே போய் அறுந்தது. ரேடாருக்கு அளக்கச் சுவர் இல்லை. பத்து நிமிடம் கழித்துத் தூசி அடங்கியபோது பொக்லைன் இருந்த இடத்தில் அதன் கை நுனி மட்டும் வெளியே தெரிந்ததாகச் சொன்னார்கள்.

அறை நிறைந்துவிட்டது. சுரங்க மேலாளரே வந்தார். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: டெஸ் பார்த்தான், கோடு வழவழவென்று இருந்ததை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். அவர் என் தோளைப் பிடித்தார். "கண்ணுன்னா இது கண்ணு. பத்து வருஷம் அனுபவம் இருக்கிறவங்க பார்க்காததை நீ பார்த்திருக்கே."

லொரெலுக்கு அது கேட்டது. அவள் சுவரோரமாக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். "மூணு தடவை கேட்டான்," என்றாள், என்னிடம் இல்லை, பொதுவாக. "மூணு தடவையும் நான்தானே போ, பண்ணுன்னு சொன்னேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பஸ் என்று யாரோ நினைவூட்டினார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் எஞ்சினை ஓடவிட்டு நின்றது. என் கால்கள் அதை நோக்கித்தான் போயின; மறைக்க மாட்டேன். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். லொரெல் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருப்பாள் என்று தோன்றியது. அதற்கப்புறம் இன்னொரு காலை எடுத்து வைக்க முடியவில்லை. ஓட்டுநரிடம் கிளம்பச் சொல்லிவிட்டு முதலுதவி அறைக்கு நடந்தேன்.

விரேமு கட்டிலில் சாய்ந்திருந்தான். காலில் பெரிய கட்டு. வலி மருந்தின் ஆவி வரும் பச்சைக் குழலை உறிஞ்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அதை எறிந்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"ப்ரோ. நீதான் பார்த்தியாமே. ஹாட்லி சொன்னான்." கண் கலங்கியிருந்தது அவனுக்கு. "அடுத்த மாசம் என் பொண்ணுக்கு இருபத்தொரு வயசு நிறையுது. ஊரையே கூப்பிடறோம். நீ வர்றே. உன்னை முன்னால நிறுத்திவெச்சு நான் பேசுவேன். முடியாதுன்னு சொல்லக் கூடாது."

"விரேமு, லொரெல் மேல தப்பில்லை."

"அவமேல எனக்கென்ன கோபம்? அக்கா பாவம்."

"கேளு. திரைல மூணுன்னு இருந்தா அவ மூணுன்னுதான் படிப்பா. நிஜத்துல அது பன்னெண்டு. காலைல நீ கேட்கறப்பவே அஞ்சைத் தாண்டிடுச்சு. அந்தத் திரையைத் தப்பா எழுதினது நான். செவ்வாய்க்கிழமைலேர்ந்து அது தப்பு. ஒரு வாரம் சோதிச்சுட்டுப் போடச் சொன்னாங்க, நான் மறுநாளே போட்டுட்டேன்."

என் கைகள் இன்னும் அவன் கைகளுக்குள்தான் இருந்தன.

"செவ்வாய்," என்றான்.

"ஆமா."

"அதுக்கு முன்னால இருந்ததும் தப்பாக் காட்டிச்சா?"

"இல்லை. அது சரியாத்தான் காட்டிச்சு."

"அப்புறம் ஏன் மாத்தினே?"

"அது மெதுவா ஓடிச்சு."

"எவ்வளவு மெதுவா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அதெல்லாம் தெரியப்போவதில்லை.

"ரெண்டு செகண்டு," என்றேன்.

அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மூணு நாள் நான் அதுக்கு அடியில இருந்தேன், ப்ரோ," என்றான். என் கைகளை எடுத்துப் போர்வையின்மேல் மெதுவாக வைத்தான்.